முதல் பெருக்கி

மகாராட்டிர மாநிலத்தில், புனே நகருக்கு வடக்கே நாராயண்காவ் என்னும் ஊரின் அருகில், கம்பிவலையாலான பெருங்கிண்ணங்கள் வானை நோக்கி நிற்கின்றன. மொத்தம் 30, ஒவ்வொன்றின் விட்டமும் 45 மீட்டர். இவை சேர்ந்ததே மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி. இதனை உருவாக்கிய குழுவின் தலைவர் கோவிந்த் சொரூப். 1970இல் உதகையில் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கியும் அவர் தலைமையில் எழுந்ததே.

விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகள் மிக நலிந்தவை. பெரும்பாலான விண்பொருள்களிடமிருந்து ஒரு கிண்ணம் திரட்டும் திறன், ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்கினும் குறைவு. அதனை முதலில் ஏற்று வலுவூட்டும் பெருக்கியை வடிவமைப்பவர் வானொலி அதிர்வெண் மின்னணுப் பொறியாளர்.

வெப்பமுள்ள மின்னுறுப்பு எதுவும் சிறிது இரைச்சலை எழுப்பும். பெருக்கியும் அதற்கு விலக்கன்று. முதல் பெருக்கி சைகையை நூறு மடங்காக்கினால், அடுத்த பெருக்கி சேர்க்கும் இரைச்சலின் தாக்கம் நூறில் ஒரு பங்காகிவிடும். முதல் பெருக்கியின் இரைச்சலோ சைகையோடு சேர்ந்தே வளரும். பின்வரும் எந்தச் சுற்றாலும் அதனைப் பிரித்தெடுக்க இயலாது. நெடுநேரம் அலைகளைப் பதிந்து, சராசரி கண்டு தணிக்கலாம், அவ்வளவே. மொத்த இரைச்சல் இரு மடங்கானால், பதிய வேண்டிய நேரம் நான்கு மடங்காகும். ஓர் இரவில் முடியும் ஆய்வுக்கு நான்கு இரவுகள் வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பேசிக் கோபுரம் போன்றவற்றின் வலிய அலைகள் மோதினால் பெருக்கி திணறும். வடிப்பானை முன்னே வைத்தால் அவற்றைத் தடுக்கலாம்; ஆனால் அது சைகையிலும் சிறிது விழுங்கித் தன் இரைச்சலைச் சேர்க்கும். பின்னே வைத்தால் பெருக்கிக்குக் காப்பில்லை. எதனை எவ்வளவு இழக்கலாம் என்பதை, அவ்விடத்து அலைகளை அளந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மூத்த பொறியாளரின் பட்டறிவு பெரிதும் பயன்படுவது இங்கேதான்.

சுற்றின் வரைபடத்தில் கம்பி வெறும் கோடு. ஹைட்ரஜன் அணு வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 21 சென்டிமீட்டர். சைகைப் பாதையிலிருந்து அதில் கால் பங்கு, அதாவது சுமார் 5 சென்டிமீட்டர், கிளையாக நீளும் கம்பி, மறுமுனை எதனோடும் இணையாவிட்டாலும், சைகையைத் தரையோடு இணைத்தது போலவே நடந்துகொள்ளும். வரைபடம் சரியாயிருந்தும் சுற்று இயங்காமற் போவது இத்துறையில் புதிதன்று.

பயிற்சி

1. வடிப்பானை முன்னே வைப்பதால் வரும் நன்மை, தீமை யாவை?
2. பிரித்தெழுதுக: நெடுநேரம், அவ்விடம்.
3. இரைச்சல் மூன்று மடங்கானால், பதிய வேண்டிய நேரம் எத்தனை மடங்காகும்?