தள்ளுபடியில் ஜன்னல் மாற்றப் போகிறவர்களுக்கு

ஆடி பிறந்ததும் தேனி, சின்னமனூர், கம்பம் கடைவீதிகளில் தள்ளுபடிப் பலகைகள் முளைத்துவிடும். ஒரு காலத்தில் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் மட்டும் இருந்த ஆடிக் கழிவு இப்போது ஜன்னலுக்கும் வந்திருக்கிறது. வருஷக்கணக்கில் அசையாமல் நின்ற வேப்பமரச் சட்டத்தைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளை நிற யுபிவிசி (பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் மாட்டுகிற வீடுகளைக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பார்க்கலாம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், சம்பந்தி வீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சொன்னான் என்பார்கள். ஆஃபர் இந்த மாதத்தோடு முடிகிறது என்பார்கள். பழைய ஜன்னலுக்கு என்ன கேடு வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அரசு தரும் சலுகையை முதலில் பார்த்துவிடலாம்; சொல்வதற்கு அதிகமில்லை. அமெரிக்காவில், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தரச்சான்று பெற்ற ஜன்னலைப் போட்டால் செலவில் 30 சதவீதத்தை, ஆண்டுக்கு 600 டாலர் வரை, வருமான வரியில் கழித்துக்கொள்ள வழி இருந்தது. 2025 டிசம்பர் 31-உடன் அதுவும் முடிந்தது. அங்கிருக்கும் உறவினர்கள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இந்தியாவில் ஜன்னல் மாற்றுவதற்கென்று தனி மானியத் திட்டம் கிடையாது. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கிடைக்கும் மூன்றரை லட்சம் ரூபாய், குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டுவதற்கு. மானியம் இருப்பது கூரையில் வைக்கும் சூரிய மின்தகடுகளுக்கு: பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய். ஏசி பில் எகிறுகிறது என்பதற்காக ஜன்னலை மாற்ற நினைப்பவர்கள் முதலில் மொட்டை மாடியைப் பார்க்கட்டும். 'அரசு மானிய ஜன்னல்' என்று எவராவது நோட்டீஸ் நீட்டினால் அரசாணை எண்ணைக் கேட்டால் போதும்.

வருமான வரியில் ஒரு சின்ன வழி இருக்கிறது. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால், அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே வீட்டுக் கடன் வட்டிக்கு இரண்டு லட்சம் கழிக்கிறவர்களுக்கும் இதனால் பயனில்லை. இரண்டும் ஒரே உச்சவரம்புக்குள் அடங்கும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறின. சிமெண்ட் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அந்தப் பேச்சு ஊரெல்லாம் ஓடிய நேரத்தில் 'ஜிஎஸ்டி குறைப்புச் சலுகை' என்று ஜன்னலையும் சேர்த்து விற்றார்கள். யுபிவிசி, அலுமினியம், இரும்பு ஜன்னல்களுக்கு அந்தத் தேதிக்கு முன்பும் 18 சதவீதம்தான், பின்பும் 18 சதவீதம்தான். குமுளி தாண்டிக் கேரளாவில் வாங்கினால் வரி குறைவு என்பதும் பழைய காலத்து நினைப்பு. 2017 ஜூலை முதல் இரண்டு மாநிலத்திலும் ஒரே விகிதம்.

ஆகவே இங்கே சலுகை என்றால் கடைக்காரர் தருவதுதான். அதைச் சேர்த்து வாங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதத் தள்ளுபடியைப் பில்லிலேயே, வரிக்கு மேலே கழித்துக் காட்டினால் 90,000-க்குத்தான் வரி, மொத்தம் 1,06,200. அதே பத்தாயிரத்தை வேலை முடிந்தபின் கேஷ்பேக்காகத் தருகிறேன் என்றால், 1,18,000 கட்டிவிட்டு 10,000 திரும்பி வரும். கையை விட்டுப் போனது 1,08,000. பில்லில் ஒரு வரி எழுத வைப்பதற்கு 1,800 ரூபாய் கூலி. பண்டிகைத் தள்ளுபடி பத்து, மொத்த ஆர்டர் தள்ளுபடி ஐந்து என்று இரண்டைச் சேர்த்தால் பதினைந்து ஆகாது. முதல் கழிவு போக மீதியில்தான் இரண்டாவதைக் கழிப்பார்கள், கிடைப்பது பதினாலரை. இது ஏமாற்று இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

வட்டியில்லாத் தவணை என்பதை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வங்கி வட்டியை வாங்கத்தான் செய்கிறது. கடைக்காரர் ரொக்கத்துக்குத் தந்திருக்கக்கூடிய கழிவு அந்த வட்டிக்குப் போகிறது. கிரெடிட் கார்டுத் தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. எனவே ரொக்க விலையைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிய பிறகு தவணையைப் பற்றிப் பேசுவது நல்லது. பில் போடாமல் செய்தால் 18 சதவீதம் மிச்சம் என்று காதோடு சொல்கிறவர்களும் உண்டு. அப்படி வாங்கிய ஜன்னலுக்கு வாரண்டி கேட்கப் போனால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

நிஜமான தள்ளுபடி காலத்தைப் பார்த்து வருவது. ஆடியிலும் மார்கழியிலும் புதுவீடு புகுவதில்லை, வாசல்கால் வைப்பதில்லை. பட்டறைகளில் வேலை மந்தம். அப்போது பேசினால் பலகையில் எழுதாத கழிவும் கிடைக்கும். தையிலும் வைகாசியிலும் முகூர்த்த அவசரத்தில் போனால் கிடைக்காது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாச் சமயத்தில் வேலைக்கு ஆளே கிடைப்பது கஷ்டம். அண்ணன் தம்பி வீடுகள், பக்கத்து வீடு என இரண்டு மூன்று வீட்டு அளவைச் சேர்த்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால், வண்டி வாடகையும் பொருத்துகிற கூலியும் பங்காகும். இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் விலை தெரிந்துவிடும் என்பதற்காக.

இனி எதை வாங்குவது. மரம், இரும்பு, அலுமினியம், யுபிவிசி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. இரும்பு உறுதி, துரு வராமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலுமினியம் இலகு, வெயிலில் சுடும். புது மரம் நல்லது, ஆனால் ஈரம் காயாத மரத்தை ஆசாரி தலையில் கட்டிவிட்டால் கார்த்திகை மழையில் கதவு உப்பிக்கொண்டு சாத்தாது. சிமெண்ட் சட்டம் மாட்டுக் கொட்டகைக்கும் தோட்டத்து வீட்டுக்கும் போதும்.

விளக்கமாகச் சொல்ல வேண்டியது யுபிவிசி ஸ்லைடிங்கைப் பற்றித்தான், தள்ளுபடி முழுக்க அதன் மேல்தான் இருக்கிறது என்பதால்.

முதல் விஷயம் காற்று. ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். எப்போதும் பாதிதான் திறக்கும். வீடுகளுக்காக 2018-இல் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள் இதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதி சேரும் வெப்பமும் ஈரமுமான தட்பவெப்பத்தில், தளப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குத் திறப்பு இருக்க வேண்டும் என்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இருபது சதுர அடி. நாலுக்கு நாலு அடி மர ஜன்னலின் கதவுகளை முழுக்க விரித்துவிட்டால் கிட்டத்தட்ட பதினைந்து சதுர அடி திறக்கும். அதே இடத்தில் ஸ்லைடிங் போட்டால் எட்டுதான். பணம் கொடுத்து வீட்டின் காற்றில் பாதியை அடைத்துவிட்டு, அப்புறம் ஏசி வாங்கப் போகிறார்கள்.

அடுத்தது சாரல். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைப் பிளந்து வருகிற பெரிய வழிகளில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் ஒன்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆனி, ஆடியில் கூடலூர், லோயர் கேம்ப் பக்கத்து வீடுகளில் மேற்குச் சுவரைச் சாரல் அறைந்துகொண்டே இருக்கும். ஸ்லைடிங் கதவு ஓடுவதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைப் பிரஷ் போன்ற ஒரு பட்டைதான் அடைக்கிறது. உள்ளே வரும் தண்ணீர் கீழ்த் தண்டவாளத்தில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியே போக வேண்டும். செம்மண் புழுதி அந்தத் துளைகளை அடைத்த பிறகு தண்ணீர் நேரே கட்டிலுக்குத்தான் வரும். ரப்பர் வைத்து இறுக்கி மூடும் கீல் வகை யுபிவிசியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தள்ளுபடிப் பட்டியலில் அந்த வகை அபூர்வமாகத்தான் தென்படும்.

கம்பி இன்னொரு செலவு. மர ஜன்னலின் சட்டத்திலேயே கம்பி இருக்கிறது. யுபிவிசிக்குத் தனியாக கிரில் அடிக்க வேண்டும். கொசுவலைக்கு மூன்றாவது தண்டவாளம் வேண்டும். பெயர்த்த சுவரைப் பூச வேண்டும், பூசிய இடத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். சதுர அடி விலையில் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைப் பொறுத்தே இருபது சதவீதத் தள்ளுபடி நிஜமா என்று தெரியும். குளியலறை வென்டிலேட்டருக்கு நிஜ அளவை விட்டுவிட்டு 'குறைந்தபட்ச அளவு' என்று ஒன்றைப் போட்டுக் கணக்கிடுவதும் வழக்கம்.

பிளாஸ்டிக் சட்டத்துக்குள் உறுதிக்காகத் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை வைக்க வேண்டும். மலிவு வேலையில் அதன் கனம் குறையும், அல்லது பட்டையே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெயில் தாங்கும் சேர்மானம் குறைந்த சட்டம் நாளாவட்டத்தில் பழுப்பேறும். உருளை தேய்ந்தால் அந்தக் கம்பெனியின் உருளையே வேண்டும். உத்தமபாளையத்து இரும்புக்கடையில் கிடைக்காது. மரக் கதவின் கீல் போனால் ஆசாரி அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார்.

யுபிவிசியே வேண்டாம் என்பதல்ல. திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் லாரிச் சத்தமும் தூசியும் தாங்க முடியவில்லை என்றால், சாலைப் பக்கத்து அறைக்கு மட்டும் கீல் வகை யுபிவிசி போட்டுக்கொள்வது நியாயம். ஒரு அறைக்கு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், எந்த ஆஃபரிலும் வராத ஒரு வழி இருக்கிறது: இருப்பதைச் செப்பனிடுவது. மர ஜன்னலில் முதலில் உளுத்துப்போவது தண்ணீர் தங்கும் அடிச்சட்டம்தான். அதை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுப் போடலாம். பலகைக் கதவில் ஒரு பாதியை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்தால் வெளிச்சம் வரும். ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினால் தூசி குறையும். கரையான் ஏறிய சட்டம் என்றால் தயங்காமல் கழற்றிவிடலாம். அப்படிக் கழற்றினாலும், 'பழைய ஜன்னலைக் கொடுங்கள், கழித்துக்கொள்கிறோம்' என்கிற கடைக்கு உடனே தலையாட்ட வேண்டாம். அது தேக்காக இருந்தால் பழைய மரக்கடையில் விலை விசாரித்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த கதவுகளையும் ஜன்னல்களையும் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அங்கே வாங்கி வந்து தோட்டத்து வீட்டுக்குப் பொருத்துகிறவர் இருக்க, இங்கே ஒருவர் தன் வீட்டுத் தேக்கை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாகு உண்டு. மேற்கு பார்த்த வீட்டுக்குக் கண்ணாடியைவிட சன்ஷேடு முக்கியம். போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் வீட்டுக்குக் காற்றோட்டம் முக்கியம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டும் கொக்கி முக்கியம். சம்பந்தி வீட்டு ஜன்னல் சம்பந்தி வீட்டுச் சுவருக்குச் செய்தது. புது வீட்டில் குடியேறியவர்கள் ஒரு ஆடிக் காற்றையும் ஒரு கார்த்திகை மழையையும் பார்த்த பிறகு எந்த ஜன்னல் ஒழுகுகிறது, எது இறுகுகிறது என்று குறித்துக்கொண்டால், பத்து ஜன்னல் மாற்ற நினைத்தது இரண்டில் முடிந்துவிடும். எட்டு ஜன்னலை மாற்றாமல் விடுவதற்கு ஈடான தள்ளுபடியை எந்தக் கடையும் தராது.

காத்திருந்து பார்த்தும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், குறைந்தது இரண்டு கடைகளில் ஒரே அளவுக்கு எழுத்தில் விலை கேளுங்கள். சட்டத்தின் தயாரிப்பாளர் பெயர், உள்ளே வைக்கும் இரும்பின் கனம், கண்ணாடியின் கனம், கொசுவலை, கிரில், வண்டி வாடகை, பொருத்துகிற கூலி, சுவர்ப் பூச்சு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். தள்ளுபடி வரிக்கு மேலே கழிந்திருக்கட்டும். இவ்வளவையும் எழுதித் தர மறுக்கிற கடைக்கு, ஆஃபர் முடிய ஒரே நாள்தான் பாக்கி என்றாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.