நாலு மெகாபைட் படமும் உம்மாவின் கைத்தொலைபேசியும்

எங்கள் கல்லூரி இணையத்தளத்தில் படங்களை ஏற்றும் பொறுப்பு இரண்டு தவணைகளாக என்னிடம் இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த அன்று மாலையே “அக்கா, படம் போட்டாச்சா?” என்று தங்கைமார் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். போடுவது சுலபம். பார்ப்பவருக்கு அது எவ்வளவு நேரத்தையும் காசையும் தின்னும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12 மெகாபிக்சல் கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம் கொண்டது. கோப்பு 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், இருபது படங்களுக்கு 80 மெகாபைட். ஒரு பைட் 8 பிட் ஆகையால் 640 மெகாபிட். செக்கனுக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கும் ஊரில் அவை இறங்க 320 செக்கன், அதாவது ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஆகும். வாப்பா போட்ட அதே டேட்டா கார்டில்தான் தம்பியின் சூம் வகுப்பும் நடக்கிறது. மகள் ஓடியதைப் பார்க்க ஆசைப்பட்ட உம்மா பாதியிலேயே மூடிவிடுவார்.

இவ்வளவுக்கும் உம்மாவின் திரையின் அகலம் 720 அல்லது 1080 புள்ளிதான். 4000 புள்ளியையும் இறக்கிய பிறகுதான் உலாவி அதைச் சுருக்கிக் காட்டுகிறது. ஆகவே முதல் வேலை, படத்தை 1200க்கு 900 என்று நாமே சிறிதாக்குவது. ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகள் 10 இலட்சத்து 80 ஆயிரமாகக் குறையும். பதினொன்றில் ஒரு பங்கு! மூலப்படத்தை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சிறிதாக்கியதை மீண்டும் பெரிதாக்கினால் தெளிவு திரும்பாது.

அடுத்தது ஜேபெக் தரம். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நம் கண் அதிகம் கவனிக்காத நுண்மாற்றங்களைக் கழித்துவிடும். இதற்கு அடிப்படையான கணிதத்தை பெங்களூரில் பிறந்த நசீர் அஹ்மத், நடராஜன், ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்டார். இணைந்த கணிதம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் தோழிகளுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: அதில் இருப்பது நாம் படிக்கும் அதே கோசைன்! தரத்தை 75 அல்லது 80இல் வைத்தால் முகங்களில் வித்தியாசம் தெரிவது அரிது. எங்கள் படங்கள் பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் அடங்குகின்றன. இருபதுக்கும் 4 மெகாபைட், முன்சொன்ன வேகத்தில் 16 செக்கன். வெப்பி வடிவில் சேமித்தால் இன்னும் குறையும்.

எழுத்து உள்ள படங்களில் ஜேபெக் ஓரங்களை மங்கலாக்கும். கல்லூரிச் சின்னத்துக்கு பிஎன்ஜி பொருத்தம். பரிசுப் பட்டியலைப் படம்பிடித்துப் போடுவது எனக்குப் பிடிக்காது. தட்டச்சு செய்தால் சில கிலோபைட்தான், தேடவும் முடியும்.

பக்கத்தின் கீழே உள்ள படங்களுக்கு ‘லேசி லோடிங்’ கொடுத்தால், வாசிப்பவர் அங்கே நெருங்கும்போதுதான் அவை இறங்கும். அகல உயரத்தையும் குறிப்பிட்டு விடுங்கள், இல்லையேல் படம் வர வர எழுத்துகள் குதிக்கும். சரிபார்ப்பதை ஆய்வுகூடக் கணினியில் செய்ய வேண்டாம். அங்கே எல்லாம் வேகமாகத்தான் வரும். வைஃபை இல்லாத பழைய கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. கைத்தொலைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விபரமும் பதிந்திருக்கலாம். வீட்டு முற்றத்தில் எடுத்த படமென்றால் அது வீட்டின் இருப்பிடம். ஏற்றுமுன் கோப்பின் விபரங்களைத் திறந்து, இடம் இருந்தால் நீக்கிவிடுங்கள்.