வாசலில் ஒரு வேப்பிலைக் கொத்து

நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25-ஆம் தேதியன்றே, தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் மதுரை இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது என்ற செய்தி வந்தபோது, செல்லூரில் ஒரு வளவுக்குள் குடியிருந்த நான், நடுவறையில் படுத்திருந்த என் தாயாரைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு அப்போது வயது 71. நீரிழிவினால் சிறுநீரகங்கள் செயலிழந்து, செவ்வாய், வெள்ளி ஆகிய இரு தினங்களிலும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர் தரிக்கும் என்ற ஸ்திதி. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று அரசாங்கம் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் காலத்தில், வாரம் இருமுறை வெளியே போனால் மட்டுமே பிழைக்கக்கூடிய ஒருவரை எப்படிக் காப்பது என்பதே எங்கள் குடும்பத்தின் பிரச்சினையாயிற்று.

முதலில் நாங்கள் செய்தவற்றில் பெரும்பகுதி வீண் சிரமம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். காய்கறிகளை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்தோம். ரூபாய் நோட்டுகளை வெயிலில் காயப்போட்டோம். கதவின் தாழ்ப்பாளை நாளைக்கு நாலு தடவை துடைத்தோம். இவ்வளவு ஜாக்கிரதைக்கு நடுவில், ஜன்னலே இல்லாத நடுவறைதான் பத்திரம் என்று எண்ணி, காற்றுப் புகாத அந்த இடத்தில் அம்மாவைக் கிடத்திவிட்டு, நாங்கள் ஐந்து பேரும் மாறி மாறி உள்ளே போய், அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நோய் மூச்சோடும் பேச்சோடும் அடைபட்ட காற்றில் பரவுகிறது என்பது மெல்ல மெல்லப் புரிந்த பிறகே, தெருவைப் பார்த்த முன்னறையை அவருக்கு ஒழித்துக்கொடுத்து, எதிரும் புதிருமான இரண்டு ஜன்னல்களையும் பகல் முழுவதும் திறந்து வைத்தோம். அக்கினி நட்சத்திரத்தின் அனல் உள்ளே வீசியது உண்மைதான். ஆனாலும் அந்த இட மாற்றத்துக்கு நிகரான பாதுகாப்பை எந்தக் கிருமிநாசினியும் எங்களுக்குத் தந்ததில்லை என்பது என் துணிபு.

அதைவிடக் கடினமான காரியம் உறவினரை நிறுத்துவது. எங்கள் பக்கத்தில், வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுவது பெரிய அவமரியாதை. உடம்பு முடியாதவரைப் பார்க்க வராமலிருப்பது அதைவிடப் பெரிய குற்றம். யோசித்துப் பார்த்தபோது, எனக்குச் சிறுவயதில் அம்மை கண்டிருந்த சமயம் அம்மா வாசல் நிலையில் வேப்பிலை செருகிவைத்ததும், அதைக் கண்டவர்கள் ஒரு வார்த்தையும் கேளாமல் படிக்கு வெளியே நின்று விசாரித்துப் போனதும் நினைவுக்கு வந்தன. வேப்பிலை கிருமியைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. அது நம் ஜனங்கள் அனைவரும் எழுத்துக் கூட்டாமலே வாசிக்கத் தெரிந்த ஓர் அறிவிப்பு. ஆகவே வாரந்தோறும் ஒரு கொத்து ஒடித்து நிலையில் செருகத் தொடங்கினேன்.

ஜூன் மாத ஆரம்பத்தில், அம்மாவின் உடன்பிறந்த தம்பி, என் தாய்மாமன், மேலூர்ப் பக்கத்திலிருந்து பைக்கின் பின்னால் ஓர் இளநீர்க் குலையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர், வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"அக்காளுக்கு அம்மையாடா?" என்றார்.

"இல்ல மாமா, எதுவும் வந்துறக் கூடாதுன்னுதான்."

அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "பெறந்தவனை வாசல்ல நிப்பாட்டுறியேடா, நல்லாவா இருக்கு?" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். மாமாவோ தாமாகவே ஒரு நாற்காலியைத் தெருவில் போடச்சொல்லி அமர்ந்து, ஜன்னல் வழியே ஒரு மணி நேரம் தம் அக்காளோடு பேசிவிட்டுப் போனார். அவ்வளவு அன்போடு அவர் சுமந்து வந்த இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் கெட்டவர்களின் இருதயத்துக்கு அது அபாயம் என்பதால், குலை முழுவதையும் வளவுப் பிள்ளைகள் குடித்தார்கள். பக்கத்து வீட்டார் நல்லெண்ணத்தோடு கொடுத்தனுப்பிய கபசுரக் குடிநீரையும், தினசரி குடிக்கும் நீரையே அளந்து கொடுக்கவேண்டிய அம்மாவுக்கு வேண்டாம் என்று வைத்தியர் தடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் ஏற்றது என்று சொல்லப்படும் ஒன்றை, வைத்தியரைக் கேளாமல் நோயாளிக்குக் கொடுக்கலாகாது.

வேலைகளையும் பிரித்துக்கொண்டோம். அம்மாவோடு மருத்துவமனைக்குப் பிரயாணம் செய்யும் நான் சந்தைக்கோ ரேஷன் கடைக்கோ போவதில்லை. அவை என் தம்பியின் பொறுப்பு. அவன் படுக்கை மொட்டைமாடியில். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரையே எப்போதும் அழைத்தோம். கண்ணாடி ஏற்றிய காரைவிடக் காற்றோட்டமுள்ள ஆட்டோ மேல். கூட்டம் குறைவான விடியற்காலை முறையைக் கேட்டு வாங்கினோம். டயாலிசிஸ் கூடத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் எல்லோரும் ஒருசேர முகக்கவசத்தைக் கழற்றுகிறார்கள் என்பதைக் கவனித்து, அம்மாவின் ஆகாரத்தை வீட்டிலேயே முடித்துவிடுவதை வழக்கமாக்கினோம்.

இவ்வளவும் செய்த நானே ஒரு பெரும் பிழையும் செய்தேன். பரவை மார்க்கெட்டில் தொற்று பரவி, ஜூன் 24 முதல் மதுரையிலும் சுற்றுப்புறங்களிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்தபோது, எனக்குள் புகுந்த பயத்தில், 'ஒரு முறைதானே' என்று அந்த வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துப்போகாமல் இருந்துவிட்டேன். ஞாயிறு இரவு அவருக்கு மூச்சு வாங்கியது, படுக்க முடியவில்லை, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 89 காட்டியது. கொரோனாவேதான் என்று வீடே அழுதது. வைத்தியர் பரிசோதித்து, வெளியேற வழியின்றித் தேங்கிய நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டது என்று கண்டறிந்து, அந்த இரவே டயாலிசிஸ் செய்வித்தார். விடியும்போது அம்மா காப்பி கேட்டார். தொற்றுப் பரிசோதனையின் முடிவு, இல்லை என்று வந்தது. நோயினின்று காப்பதாக எண்ணி, மருந்தினின்று அவரைத் தடுத்திருக்கிறேன் என்ற விசனம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றுமுதல் காலையும் மாலையும் ஆக்சிமீட்டர் அளவை ஒரு நோட்டில் குறித்து வைத்தோம். சுகமாக இருக்கும் நாளில் அம்மாவின் அளவு 97 என்று தெரிந்திருந்தால்தான், 93 என்பது எவ்வளவு பெரிய இறக்கம் என்று விளங்கும். விரல் சில்லிட்டிருந்தால் கருவி தவறாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டவேண்டும்.

மனத்துக்கும் காவல் தேவைப்பட்டது. அழகர் ஆற்றில் இறங்காத அந்த வருஷச் சித்திரையில், மே 4-ஆம் தேதி, பக்தர்கள் இல்லாமல் சில பட்டர்கள் மட்டும் நடத்திய மீனாட்சி திருக்கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி, என் மனைவி புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டபோது, அம்மா கட்டிலிலிருந்தே கைகூப்பி அட்சதை போட்டார். அதன் பின் பல நாள் அவர் முகத்தில் சோர்வைக் காணவில்லை.

2021 மார்ச்சில் அறுபது வயது கடந்தவர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்ட முதல் வாரத்திலேயே அவருக்குப் போட்டுவிட்டோம். ஏப்ரல் கடைசியில் இரண்டாம் தவணையும் முடிந்தது. மே மாத இரண்டாம் அலையில் என் மனைவிக்கே தொற்று வந்து, அவள் பதினைந்து நாள் மாடியில் தனித்திருந்தாள்; நோய் அம்மாவைத் தொடவில்லை.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் எவரேனும் இருந்தால், இனி எந்தத் தொற்று எந்தப் பெயரில் வந்தாலும், வீட்டுக் கதவை யாருக்கு வேண்டுமானாலும் சாத்துங்கள்; அந்த மருத்துவமனைப் பிரயாணத்தை மட்டும் ஒரு முறைகூட நிறுத்திவிடாதீர்கள்.