விளையாடுகிற பிள்ளை படிக்கும்: தேயிலைத் தோட்டத்துப் பெற்றோருக்கு 14 குறிப்புகள்

மலாயாத் தோட்டங்களில் பெற்றோர் வேலைக்காட்டுக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஆயாக் கொட்டகை. இன்று அந்த இடத்துக்குப் பாலர்பள்ளி வந்துவிட்டது. கூடவே ஒரு கவலையும் வந்திருக்கிறது. “பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு வயசிலேயே ஏ பி சி டி எழுதுது, நம்ம பிள்ளை எந்நேரமும் விளையாடிக்கிட்டே இருக்கே!” கேமரன்மலையின் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் இந்தப் பேச்சு காதில் விழாத நாளில்லை.

கவலை வேண்டாம். எழுதும் விரலும் எண்ணும் மனமும் பேசும் நாவும் முதலில் விளையாட்டில்தான் பழகுகின்றன. மலேசியக் கல்வி அமைச்சின் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டின் வழி கற்றலை ஒரு கற்பித்தல் முறையாக வைத்திருக்கிறது. வீட்டிலும் அதைச் செய்யலாம். பெரிய செலவில்லை, தோட்டத்து வீட்டில் கிடைக்கிற பொருள்களே போதும்.

1. விளையாட்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள். 3, 4 வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் என்று இதற்குப் பொருளில்லை. காலையில் கொஞ்சம், பாலர்பள்ளியில் கொஞ்சம், மாலையில் வாசலில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். சாப்பாடு, தூக்கம் போல விளையாட்டும் அன்றாடக் கணக்கில் இருக்கட்டும். வேலையெல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

2. மழை நாளுக்கென்று ஒரு பெட்டி வையுங்கள். கேமரன்மலையில் மழைக்குச் சொல்லவா வேண்டும்! அக்டோபர், நவம்பரில் பிள்ளைகள் நாள்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். ஓர் அட்டைப் பெட்டியில் பழைய சேலைத் துண்டு, கயிறு, துணிக்கவ்வி, காலி மைலோ டின், மூடிகள், பழைய நாள்காட்டித் தாள், கைவிளக்கு ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். மழை பெய்தால் மட்டும் அதை எடுங்கள். எப்போதாவது வருவதால் புதுமை மாறாது. இரண்டு நாற்காலிக்கு நடுவே கம்பளியைப் போட்டால் குகை. விளக்கை அணைத்துக் கைவிளக்கைச் சுவரில் அடித்தால் விரல் நிழலில் மானும் முயலும் வரும்.

3. முட்டைப் பெட்டியில் பல்லாங்குழி. மரப்பலகை இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். 12 முட்டை வைக்கும் பெட்டியில் பக்கத்துக்கு ஆறு குழி இருக்கும். வழக்கமான பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு. தொடக்கத்தில் சின்னப் பிள்ளைக்கு ஆறே போதும். குழிக்கு மூன்று கொண்டைக்கடலை போட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற கணக்கின் அடிப்படை பிள்ளையின் கைக்குப் பிடிபடுகிறது. “ஒன்று, இரண்டு” என்று நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளைக்கும் ஐந்து கடலையை எண்ணிக் கொடுக்கத் தெரியாமல் இருக்கலாம்; அந்தக் குறை இங்கே தீரும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூடி வைத்தால் மலாய்ப் பிள்ளைகள் ஆடும் சொங்காக்கும் இதிலேயே ஆடலாம்.

4. சிறு பொருளுக்கு ஒரு சோதனை. கடலை, மணி, பொத்தான், கோலிக்குண்டு எல்லாம் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து. கழிப்பறைத் தாள் சுருளின் நடுவே இருக்கும் அட்டைக் குழாயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் நுழைகிற பொருள் எதுவும் அந்த வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. அண்ணன் பல்லாங்குழி ஆடும்போது தம்பி அருகில் இருந்தால், கடலைக்குப் பதில் பெரிய பாட்டில் மூடிகளை வையுங்கள். அவற்றையும் குழாயில் போட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள்.

5. கடை போட விடுங்கள். எல்லா விளையாட்டிலும் அதிகம் கற்றுத் தருவது இதுதான் என்பேன். துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் ஒரே அளவான இரண்டு குவளைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தராசு தயார். ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, மறுபக்கம் தக்காளி. “இது பாரமா இருக்கு, அது மேல போகுது” என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். வாசல் படியில் இரண்டு பிள்ளைகள் கடை போட்டிருக்கும்போது சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள்.

“ரெண்டு தக்காளி எத்தன வெள்ளி?”

“மூணு வெள்ளி.”

“கொறச்சுக் குடுங்க அக்கா, பிள்ளைக்குப் பால் வாங்கணும்.”

“சரி, ரெண்டு வெள்ளி. பை இருக்கா?”

நாலே வரியில் எண்ணும் பேரமும் இரக்கமும் முறை வைத்துப் பேசுவதும் வந்துவிட்டன. தன் முறை வரும்வரை காத்திருப்பது, இன்னொருவராக மாறி யோசிப்பது, சொன்ன விதிக்குக் கட்டுப்படுவது ஆகிய மூன்றையும் அதட்டிச் சொல்லி வரவழைக்க முடியாது. அம்மா கொழுந்துக் கூடையை நிறுவைக்குக் கொண்டு போவதைப் பார்த்த பிள்ளை, கூடையும் கணக்குப் புத்தகமும் வைத்து ‘கிராணி’யாக (தோட்டக் கணக்கராக) ஆடும். ஆடட்டும். பழைய நோட்டில் அது கிறுக்கும் கோடுகள்தான் எழுத்தின் தொடக்கம்.

6. மாவு பிசையக் கொடுங்கள். இரண்டு கப் வெள்ளைக் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய். முக்கால் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். போதாவிட்டால் இன்னும் சிறிது சேர்க்கலாம். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், சிவப்புக்கு பீட்ரூட் சாறு, பச்சைக்கு பாண்டான் இலைச் சாறு. காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வரை வைக்கலாம். வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். உருட்டுவதும் கிள்ளுவதும் தட்டுவதும் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வலுவூட்டும். உப்பு மிக அதிகம் என்பதால் பிள்ளை வாயில் போடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

7. தேயிலைச் சாயத்தில் படம். மூன்று குவளையில் தலா அரைக் கப் சுடுநீர் ஊற்றி, ஒன்றில் ஒரு கரண்டி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் நான்கு கரண்டி தேயிலைத்தூள் போடுங்கள். நன்றாக ஆறியதும் வடிகட்டிக் கொடுங்கள். இளம் பழுப்பு, பழுப்பு, கரும் பழுப்பு என்று மூன்று வண்ணம் கிடைக்கும். தூரத்து மலைக்கு வெளிர் சாயம், கிட்டத்துச் செடிக்கு அடர் சாயம் என்று பிள்ளை தானாகவே தேர்ந்தெடுப்பதைப் பார்க்கலாம். “ஏன் இது மட்டும் கறுப்பா இருக்கு?” என்று கேட்டால் உடனே பதில் சொல்லாமல், “நீயே கலந்து பாரேன்” என்று கரண்டியைக் கொடுங்கள். அறிவியல் பாடம் அங்கே தொடங்குகிறது. கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

8. பென்சிலுக்கு முன் விரல். கையெழுத்து அழகாக வேண்டும் என்று மூன்று வயதில் கோடு போட்ட நோட்டை நீட்டாதீர்கள். கை எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. துணி காயப்போடும்போது சிறிய துணிக்கவ்விகளைப் பிள்ளை கையில் கொடுங்கள். அழுத்தித் திறப்பது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நல்ல பயிற்சி. தட்டில் ரவையைப் பரப்பி விரலால் கிறுக்க விடுங்கள். வாசலில் கோலம் போடும்போது ஓரமாக மூன்று புள்ளி வைத்துக் கொடுத்து, விருப்பம்போல் இணைக்கச் சொல்லுங்கள். புள்ளியைச் சுற்றி வளைக்கத் தெரிந்த கைக்கு ‘அ’னாவின் சுழி கடினமில்லை.

9. வெளியே விடுங்கள், இடம் பார்த்து விடுங்கள். இத்தாலி நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கற்பித்தார். அந்த மலையின் செடிகொடிகளே அங்கே பாடப்பொருள் ஆயின. நம் மலையிலும் பாசி, பெரணி, மூடுபனி, சிற்றோடை என்று எதற்குக் குறை? ஆனால் மூன்று எச்சரிக்கைகள்:

- மருந்தடித்த தேயிலை நிரைக்குள்ளும் காய்கறித் தோட்டத்துக்குள்ளும் பிள்ளையை விடாதீர்கள். காலியான மருந்துப் புட்டியும் உரச் சாக்கும் ஒருபோதும் விளையாட்டுப் பொருள் ஆகக்கூடாது.
- மழைக்குப் பின் சரிவிலும் மண் வெட்டிய மேட்டின் அடியிலும் ஆட வேண்டாம். லாரி வரும் பாதைப் பக்கமும் வேண்டாம்.
- வீடு திரும்பியதும் கை கால் கழுவி, கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

10. பாட்டியின் கையிருப்பைக் கேளுங்கள். கண்ணாமூச்சி, நொண்டி, பச்சைக்குதிரை, கிச்சுக் கிச்சுத் தாம்பாளம், அஞ்சாங்கல் எல்லாம் தாத்தா பாட்டிக்கு மனப்பாடம். ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். நொண்டியில் உடல் சமநிலை, அஞ்சாங்கல்லில் கண்ணும் கையும் சேர்ந்து இயங்குவது, தாம்பாளத்தில் ஊகித்துக் கண்டுபிடிப்பது. நம் அஞ்சாங்கல்லைப் போன்றதுதான் மலாய்க்காரர்களின் பத்து செரம்பான். மலாய், சீன, செமாய்ப் பழங்குடிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுகிற பிள்ளைக்கு மொழி தானாக வரும். விதியைத் தமிழில் விளக்கச் சொன்னால் தமிழும் வளரும்.

11. கால் மணி நேரம் பிள்ளை சொன்னபடி ஆடுங்கள். வேலை முடிந்து வந்த அலுப்பு யாருக்கும் உண்டு. கால் மணி நேரம் போதும். குளித்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். என்ன ஆடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். “அது தப்பு, இப்படி வை” என்று திருத்தாதீர்கள். யானை பறந்தால் பறக்கட்டும். “அப்புறம் என்ன ஆச்சு?”, “இது விழாம நிக்க என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

12. கைப்பேசிக்கு அளவு வையுங்கள். இரண்டு வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோறு ஊட்டும்போது கைப்பேசியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். பதிலுக்கு மூன்று கரண்டியும் ஒரு சட்டியும் கொடுங்கள். சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

13. பாலர்பள்ளியில் இதைக் கவனியுங்கள். சேர்க்கும் முன் ஒரு முறை வகுப்பை நேரில் பாருங்கள். கட்டை, பொம்மை, மணல், தண்ணீர், சமையல் மூலை போன்றவை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளனவா? சுவரில் தொங்குவது பிள்ளைகள் வரைந்ததா, கடையில் வாங்கியதா? வெளியே ஓட இடமும் நேரமும் உண்டா? “வீட்டுப்பாடம் எத்தனை பக்கம் கொடுப்பீங்க?” என்று கேட்பதை விட்டு, “இன்னிக்கு என்ன விளையாடுவாங்க?” என்று கேளுங்கள். மாலையில் பிள்ளையிடமும் அதையே கேளுங்கள். டீச்சருக்கும் தெம்பு வரும். பெற்றோர் எழுத்து எழுத்து என்று நெருக்கினால் அவரும்தான் என்ன செய்வார்?

14. விளையாடாத பிள்ளையைக் கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, ஒன்றரை வயது தாண்டியும் பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனை ஆட்டம் எதுவும் ஆடாதது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்துவது ஆகியவை தெரிந்தால் “வளர்ந்தா சரியாயிடும்” என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ போங்கள். சீக்கிரம் தெரிந்தால் உதவியும் சீக்கிரம் கிடைக்கும்.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. மலேசியா அதில் 1995-இல் சேர்ந்தது. 2024 முதல் ஜூன் 11 அனைத்துலக விளையாட்டு நாளாகவும் ஆகியிருக்கிறது. அடுத்த முறை யாராவது “இது எப்பத்தான் படிக்கப் போகுது?” என்று கேட்டால், “இப்பவே படிச்சுக்கிட்டுத்தான் இருக்கு” என்று தயங்காமல் சொல்லுங்கள். இந்த 14 குறிப்புகளில் உங்கள் வீட்டுக்குத் தோதான இரண்டை இந்த வாரமே தொடங்குங்கள். முதலாம் ஆண்டில் உட்காரும்போது உங்கள் பிள்ளை கேள்வி கேட்கும், தன் முறைக்குக் காத்திருக்கும், தெரியாததைச் செய்து பார்க்கத் துணியும். பாடப் புத்தகம் எதிர்பார்க்கும் மாணவர் அவர்தான்.