புத்தளக் கரையில் பசித்தால்

அன்பின் தம்பிக்கு,

கோப்பன்ஹேகன் நகருக்குப் போகிறவருக்கு எங்கே சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரை மாப் பாணின் மேல் ஊறவைத்த ஹெரிங் மீனை அடுக்கித் தரும் கடை எந்தத் தெருவில், மிச்செலின் நட்சத்திரம் எந்த உணவகத்துக்கு, எங்கே மாதக்கணக்கில் முன்பதிவு செய்யவேண்டும் என்று எல்லாம் அச்சிலேயே கிடைக்கும். கொச்சிக்கடைப் பாலத்தில் மகா ஓயாவைத் தாண்டிப் புத்தளம் மாவட்டத்துக்குள் நுழைகிறவருக்கு அப்படி ஒரு வழிகாட்டி கிடைப்பது அரிது. பரீட்சை முடிந்த கையோடு கூட்டாளிகளுடன் கற்பிட்டி வரை போக நினைக்கிற நீ, வழியில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருப்பது நல்ல கேள்வி. அதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் கடைப் பெயர்களை எதிர்பார்க்காதே. இந்தக் கரையில் கடைகள் கைமாறும். நல்ல சமையற்காரர் வெளிநாடு போய்விடுவார். போன வருடம் கூட்டம் அலைமோதிய இடத்தில் இந்த வருடம் தொலைபேசிக் கடை இருக்கும். மாறாதவை வேறு. எந்த மாதம் எந்தக் காற்று வீசும், எந்தக் கிழமை வள்ளம் இறங்காது, எந்த வேளையில் எந்த ஊரில் அடுப்பு எரியும் என்பவை பல தலைமுறைகளாக அப்படியே இருக்கின்றன. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பவன் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நன்றாகச் சாப்பிடுவான்.

கோப்பன்ஹேகனிலும் இதைத்தான் அண்மையில் கண்டுகொண்டார்கள். ரெனே ரெட்செப்பியும் கிளௌஸ் மையரும் 2003இல் அங்கே நோமா என்ற உணவகத்தைத் திறந்தார்கள். அடுத்த வருடம் வட ஐரோப்பிய நாடுகளின் சமையற்காரர் 12 பேர் கூடி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். தங்கள் மண்ணிலும் கடலிலும் விளைவதை, அது விளையும் பருவத்தில் சமைப்போம் என்பது அதன் சாரம். பிரெஞ்சுச் சமையலையே உயர்வாக எண்ணியிருந்த நகரத்தில் அது பெரிய திருப்பம். புத்தளக் கரையின் வீடுகளில் யாரும் அறிக்கை எழுதவில்லை. அன்று வலையில் பட்டதுதான் அன்றைய கறி என்பது அங்கே அன்றாட நடைமுறை.

முதலில் காற்று. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகக் காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அந்த மாதங்களில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்களில் பலர் வள்ளம் வலையோடு திருகோணமலை, முல்லைத்தீவுக் கரைகளுக்குப் போய் வாடி அடித்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். கற்பிட்டிக்குக் கைட் சர்ஃபிங் விளையாட வெளிநாட்டார் திரளாக வருவதும் அதே காற்றை நம்பித்தான். உல்லாச விடுதிகள் நிரம்பி வழியும் காலத்தில் எதிரே உள்ள கடல் மீன் குறைவாகத்தான் தரும். அப்போது தட்டில் வரும் பெரிய பாரை கிழக்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கலாம். சோளகத்தில் போனால் களப்பு மீனைக் கேள், களப்பு இறாலைக் கேள். புத்தளம் களப்பு 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது, நிலம் சூழ்ந்தது. வெளிக்கடல் சீறும்போதும் அங்கே சிறு வலை வீசுகிறவர்கள் இருப்பார்கள். கடல் மீன்தான் வேண்டுமென்றால் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போ. கடல் படிந்து கிடக்கும் அந்த மாதங்களில்தான் கற்பிட்டிக்கு வெளியே டொல்பின் பார்க்கவும் படகுகள் போகும்.

அடுத்தது கிழமை. கொச்சிக்கடையிலிருந்து சிலாபம் வரை கத்தோலிக்க ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்குள்ள மீனவர் பலர் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் புறப்படுவதோ பெரும்பாலும் ஞாயிறுதான். இறங்காத வள்ளத்தின் மீனை எந்தச் சமையற்காரராலும் புதிதாக்க முடியாது. செவ்வாய், புதன் போன்ற நாட்களில் போவது நல்லது.

வென்னப்புவ, மாரவில வழியாகப் போகும்போது அதிகம் நிற்க வேண்டாம். வென்னப்புவ இத்தாலிக்குப் போய் உழைத்தவர்களின் ஊர். பெரிய வீடுகளையும் புதுப் பாணிக் கடைகளையும் பார்ப்பாய். அவற்றைவிட உனக்கு முக்கியமானது சாலைக்கு இரு பக்கமும் நிற்கும் தென்னை. நாட்டின் தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை இது. தென்னை ஆராய்ச்சி நிலையமும் பக்கத்து லுணுவிலவில்தான் இருக்கிறது. இங்கே தேங்காய்ப் பாலை அளந்து ஊற்றுவதில்லை. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கும் வினாகிரி இந்தப் பக்கத்து மீன் கறிக்கும் ஊறுகாய்க்கும் தனி மணம் கொடுக்கும். காலைச் சாப்பாட்டை இந்த வழியில் ஏதாவது சிறு கடையில் முடித்துக்கொள். இடியப்பம், சொதி, அப்போதே இடித்த தேங்காய்ச் சம்பல். சம்பல் முதல் நாள் மிச்சமா என்பதை நாக்கு உடனே சொல்லிவிடும்.

சிலாபத்தில் நண்டு. இதற்காக அரை நாளை ஒதுக்கு.

இந்தக் கரையின் களப்புகளிலும் கண்டல் காடுகளிலும் வளரும் சேற்று நண்டு உலகச் சந்தையில் பெயர் பெற்றது. சிங்கப்பூரின் புகழ் பெற்ற மிளகாய் நண்டுக்கு இலங்கை நண்டைத் தேடுகிறார்கள். கொழும்பு ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவும் ஜயவர்தனவும் 2011இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகம், ஏற்றுமதிக்கே போய்க்கொண்டிருந்த பெரிய நண்டுகளை உள்ளூரிலேயே பரிமாற முன்வந்தது. அங்கே ஒரு நண்டுக்குக் கொடுக்கும் விலையை மாணவன் பை தாங்காது. சிலாபத்தில் அந்தக் கவலை இல்லை. பெரியவையும் முழுமையானவையும் ஏற்றுமதிக்குப் போகும். நடுத்தர நண்டும் ஒரு கொடுக்கை இழந்த நண்டும் உள்ளூர்ச் சந்தைக்கு வரும். கொடுக்கு போனதால் மற்றச் சதையின் ருசி குறையாது.

காலை எட்டு, ஒன்பது மணிக்கே கடைக்குப் போய்ச் சொல்லிவை. நல்ல நண்டுக் கறி சமைத்து ஆறவைத்த பண்டமாக இருக்காது. கிலோ என்ன விலை என்று முதலில் கேள், உயிரோடு இருப்பதைக் காட்டச் சொல், உன் கண் முன்னால் நிறுக்கட்டும். வறுத்த தூளில் கறி கொதித்துத் தேங்காய்ப் பால் இறங்கிய பிறகு முருங்கை இலையைப் போடுவார்கள். முருங்கை இலை இல்லாமல் நண்டுக் கறி வந்தால் அந்தக் கடையில் அவசரப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள். இன்னொன்று. நிலவு தேயத் தேய நண்டு சதை பிடிக்கும், நிலவு வளர வளர ஓடு வெறுமையாகும் என்பது மீனவர் சொல். போயா விடுமுறைக்கு நண்டு தின்னப் புறப்படுகிற எல்லோரும் பூரணையன்று போய் நிற்கிறார்கள். அமாவாசையை ஒட்டிப் போ. வயிற்றில் முட்டை சுமக்கும் நண்டைக் காட்டினால் வேண்டாம் என்று சொல். அடுத்த பருவத்தின் நண்டு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

சைவம் சாப்பிடும் கூட்டாளி ஒருவன் வருகிறான் என்று எழுதியிருந்தாய். சிலாபத்துக்குக் கிட்டவே முன்னேஸ்வரம் கோயில் இருக்கிறது. ஆவணியை ஒட்டிய திருவிழாக் காலத்தில் போனால் கோயில் வீதி நெடுகக் கச்சான், முறுக்கு, தொதல் விற்கும் கடைகள் இருக்கும். சோறு கிடைக்கும் சைவக் கடைகளும் உண்டு. மற்ற நாட்களில் நகரத்திலேயே அவனைச் சாப்பிடச் சொல். அடுத்து வரும் உடப்பில் அவனுக்குக் கஷ்டம்.

உடப்புக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்பாய். பத்துளு ஓயாவில் பிரதான வீதியை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவில் தமிழ் மீனவர் கிராமம். திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் தீமிதிப்புக்குப் பேர் போன ஊர். கரைவலை இழுப்பதை இங்கே பார்க்கலாம். வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்த வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். இழுக்கும் கைகளை ஒன்றாக்க அம்பா பாடுவார்கள். மடி கரையேறியதும் நெத்தலி, சூடை, காரல், சில நாள் பாரை என்று மணலில் கொட்டும். அங்கேயே விலை பேசி முடியும்.

உடப்பில் பெயர்ப்பலகை மாட்டிய பெரிய உணவகத்தைத் தேடாதே. தேநீர்க் கடை இருக்கும், ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் கிடைக்கும். நல்ல சாப்பாடு வீட்டில்தான். ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் முதல் நாளே சொல்லிவைத்து, கரையில் வாங்கும் மீனைச் சமைத்துத் தருவார்களா என்று மரியாதையாகக் கேள். அரிசி, தேங்காய், விறகு, உழைப்பு எல்லாவற்றுக்கும் காசு கொடு, அவர்கள் வேண்டாம் என்று மறுத்தாலும் கொடு. சூடை மீனைப் புளி விட்டுக் காயக் காயச் சமைத்து, சோறும் ஒரு கீரையும் வைத்தால் எந்த உணவகமும் பக்கத்தில் வராது. கோயில் விழா நாட்களில் மீன் கேட்டு யாருடைய வீட்டுக்கும் போகாதே. விரத வீடுகள் பல இருக்கும்.

முந்தலைத் தாண்டும்போது வீதியோரம் சதுரம் சதுரமாக இறால் குளங்களைக் காண்பாய், வற்றிப் பாழாய்க் கிடப்பவையும் உண்டு. இந்த மாவட்டத்தில் இறால் வளர்ப்பு 1980களில் வேகம் பிடித்தது. குளம் வெட்டுவதற்காகக் கண்டல் காடுகள் அழிந்தன. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் பரவிப் பல பண்ணைகளை முடக்கியது. கடையில் ஒரே அளவாக, பெரிதாக வரும் இறால் பெரும்பாலும் பண்ணையுடையது. சிறிதும் பெரிதுமாகக் கலந்து வருவது களப்பு இறால். எதைத் தருகிறீர்கள் என்று கேட்டால் சொல்வார்கள். கண்டல் இருந்தால்தான் களப்பில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் என்பதால், களப்பு இறாலுக்குக் கூடுதல் காசு கேட்டாலும் கொடுக்கலாம்.

புத்தளம் நகரத்தை மதியத்துக்கு வைத்துக்கொள். 1344இல் இந்தக் கடலோரம் வந்திறங்கிய பயணி இப்னு பதூதா, பத்தாலா என்று எழுதிவைத்த ஊர் இதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர் கருதுகிறார்கள். மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துகளைக் காட்டியதையும், கரையில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கறுவாவும் ஏலமும் ரம்பையும் சேர்ந்த புரியாணி இன்றும் மதியத்தில் இந்த நகரத்துக் கடைகளில் ஆவி பறக்கும். பன்னிரண்டரைக்குள் போய்விடு. சட்டியின் அடிப்பாகம் வரும் நேரத்தில் இறைச்சி உலர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், தொழுகை முடியும்வரை பொறுத்திரு. காலையில் வந்தால் இடியப்பத்தோடு பாபத் என்ற குடல் கறி கேட்டுப் பார். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் கட்டாயம். கல்யாண வீட்டுக்கு யாராவது அழைத்தால் தயங்காமல் போ. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிடுவார்கள், உன் பக்கத்துச் சோற்றிலிருந்தே நீ எடுக்கவேண்டும்.

நோன்பு மாதத்தில் போனால் பகலில் இந்தக் கடைகளைத் தட்டாதே. பின்னேரம் பள்ளிவாசல்களில் கஞ்சி பகிர்வார்கள். அரிசி, தேங்காய்ப் பால், உள்ளி, ரம்பை, கொஞ்சம் இறைச்சி சேர்ந்த அந்தக் கஞ்சியை அயலவர்க்கும் கொடுப்பதுண்டு.

இந்த நகரத்துச் சாப்பாட்டில் வலியின் வரலாறும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பல்லாயிரம் பேர் புத்தளத்தில் வந்து தங்கினார்கள். கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை அது. மன்னாரின் கைப்பக்குவமும் யாழ்ப்பாணத்தின் கைப்பக்குவமும் அவர்களோடு வந்தன. பாலாவியிலும் கற்பிட்டி வீதியிலும் சிறு கடையில் உட்கார்ந்தால், சமைத்தவருக்கு எந்த ஊர் என்று பேச்சுக் கொடு. கறியைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் நிறையத் தெரியவரும்.

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிக்குத் திரும்பும் இடத்தை ஒட்டி உப்பளங்கள் தொடங்கும். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் குடாநாடு. நுரைச்சோலைக்கு அப்பால் மணலில் கிணற்று நீர் இறைத்துச் சின்ன வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைவிக்கிறார்கள். ஆகவே கற்பிட்டியில் மீனோடு மரக்கறியையும் கேட்டு வாங்கிச் சாப்பிடு, காலையில் பிடுங்கியதாக இருக்கும். ஆலங்குடா, கண்டக்குளி விடுதிகளில் பாஸ்தாவும் பீட்சாவும் தருவார்கள். அதற்காக இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. சந்தையை ஒட்டிய சோற்றுக் கடைகளில் மதியச் சாப்பாட்டில் கணவாய்க் கறி இருக்கிறதா என்று கேள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. கடலாமை இறைச்சியையோ கடற்பசு இறைச்சியையோ யாராவது இரகசியமாக நீட்டினால் எழுந்து வந்துவிடு. இரண்டும் சட்டம் காக்கும் உயிர்கள். களப்பின் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசு இந்தக் கடலில் மிக அருகிவிட்டது. முட்டை சுமக்கும் சிங்கி இறாலைப் பிடிப்பதும் குற்றம்.

திரும்பும்போது கருவாடு வாங்கு. மீனும் உப்பும் வெயிலும் ஒரே குடாநாட்டில் கிடைக்கும் இடம் இது. பத்தலங்குண்டு போன்ற தீவு வாடிகளில் காயவைத்ததும் படகில் கற்பிட்டிக்கு வரும். விரலால் அழுத்திப் பார், அமுங்கினால் காயவில்லை. மேலே உப்புப் பொரிந்து கிடந்தால் எடை உப்புக்குத்தான். கடும் நாற்றம் அடித்தால் பழுதான மீனைக் காயவைத்திருக்கிறார்கள். பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டச் சொல், பொலித்தீனில் போட்டால் வியர்த்துவிடும். வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் வெயிலில் போட்டெடுத்துவிட்டுப் போத்தலில் அடைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடு.

அன்புடன்,
அண்ணா