பூஞ்சணம் பிடித்த கடலையும் பசுவின் பாலும்

புதுக்கோட்டை ஜில்லாவில் நிலக்கடலை பயிரிடும் குடியானவர்கள் நல்ல பருப்பைப் பொறுக்கி விற்றுவிட்டு, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் செக்கிற்கு அனுப்புவதுண்டு. அப்பிண்ணாக்கைப் பசு தின்னும்; அதன் பாலைக் குழந்தை உண்ணும். இதில் கெடுதல் யாதெனில் கூறுவோம்.

1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தொற்றுநோயன்று, பிரேஸில் தேசத்துக் கடலைப் பிண்ணாக்கே காரணமென்று பின்னர் தெரிந்தது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கிய விஷத்திற்கு அப்லாடாக்ஸின் என்று பெயரிட்டனர். கோழித் தீவனத்தில் தொடங்கிய ஆராய்ச்சி மனிதரின் ஈரல்வரை சென்றது. 1987-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதனைப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் முதல் வகுப்பில் வைத்தது.

பசுவின் ஈரல் இவ்விஷத்தைச் சிறிது மாற்றுகிறது. மாறிய விஷம் ஒரு நாளைக்குள் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அழியாது. கிலோ பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. கெட்ட பிண்ணாக்கை நிறுத்தினால் சில நாட்களில் பால் சுத்தமாகிவிடும் என்பது ஒன்றே ஆறுதல்.

பூஞ்சணம் மண்ணிலேயே உள்ளது. காய் முற்றும் தறுவாயில் மழை பொய்த்தால் மானாவாரிக் கடலையில் வயலிலேயே புகுந்துவிடும். பிடுங்கிய கடலையை ஈரத்துடன் குவித்து வைக்கலாகாது. பருப்பின் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்குக் குறையும்வரை உலர்த்த வேண்டும். எளிதில் உரிப்பதற்காகக் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் மிகவும் கெட்டது. விஷம் எண்ணெயைவிடப் பிண்ணாக்கிலேயே அதிகம் தங்குமாதலால், பொறுக்கி ஒதுக்கிய பருப்பைச் செக்கிற்கும் மாட்டுத் தொட்டிக்கும் அனுப்பாது புதைத்துவிடுக.