கிராக்கி என்றால் என்ன?
(சிறுவர் பாடம்)



"இந்தச் சாமானுக்கு இப்போது கிராக்கி அதிகம்" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கிராக்கி என்றால் என்ன? அது ஏன் ஏறுகிறது? இன்று அதை அறிந்துகொள்வோம்.

ஒரு கடைக்கு நாள்தோறும் பத்துத் தேங்காய் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு வெள்ளி. வாங்குவோரும் பத்துப் பேர். ஆளுக்கொன்று கிடைத்துவிடும். பெருநாளைக்கு முதல் நாள் இருபது பேர் வருகிறார்கள். தேங்காயோ அதே பத்துத்தான். வாங்குவோர் இவ்வாறு பெருகுவதையே கிராக்கி ஏறுதல் என்கிறோம்.

வெறும் ஆசை கிராக்கியாகாது. கடை வாசலில் நின்று சைக்கிளை ஏக்கத்தோடு பார்க்கும் பையனிடம் ஆசை இருக்கிறது, காசு இல்லை. காசு கொடுத்து வாங்க முன்வந்தால்தான் அது கிராக்கி.

கிராக்கி ஏறினால் விலை ஏறலாம். விலை ஏறாவிட்டாலும், சரக்குத் தீர்ந்துபோய், பின்னால் வந்தவர் வெறுங்கையோடு திரும்பலாம். கடைக்காரர் முன்னமே அறிந்து இருபது தேங்காய் தருவித்திருந்தால் இரண்டும் நேராது. நோன்பு மாதம் வருமுன்பே வியாபாரிகள் பேரீச்சம்பழத்தை மிகுதியாக இறக்கி வைப்பது இதனால்தான்.

எதிர்பாராமல் ஏறும் கிராக்கிதான் தொல்லை தருவது. சிங்கப்பூரில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். உங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள். சிலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி, கொரோனா நோய் பற்றிய எச்சரிக்கை நிலை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டது. அன்று மாலையே பேரங்காடிகளில் நீண்ட வரிசை! அரிசி, மீ, கழிவறைக் காகிதம் எல்லாம் தட்டுகளிலிருந்து மறைந்தன.

நாட்டில் அரிசி இல்லையா? இருந்தது. அரிசி இறக்குமதி செய்வோர், மாதந்தோறும் இறக்கும் அளவைப்போல் இரு மடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டுமென்ற விதி அங்கே முன்பே உண்டு. ஆனால் கிடங்கிலுள்ள மூட்டை லாரி ஏறிக் கடைக்கு வந்து தட்டில் அமர நேரம் வேண்டுமல்லவா? அதற்குள் அடுத்தவர் அள்ளிக்கொண்டு போனார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மூன்று மூட்டை வாங்கியவர் வீட்டில் யாராவது மூன்று மடங்கு சோறு உண்டார்களா? இல்லை! வயிற்றின் தேவை அப்படியே இருந்தது. அச்சம்தான் கிராக்கியை ஏற்றியது. காலித் தட்டைக் கண்டவர் மேலும் அஞ்சினார். அவரும் அதிகம் வாங்கினார். இரண்டு நாளில் ஃபேர்பிரைஸ் பேரங்காடி, ஒருவருக்கு இரண்டு மூட்டை அரிசிதான் என்று வரம்பு கட்டியது. சரக்கும் தொடர்ந்து வந்தது. தட்டுகள் மீண்டும் நிறைந்தன.

இதில் அதிகம் இடர்ப்படுபவர் யார்? மொத்தமாக வாங்கக் காசில்லாதவர். வேலை முடிந்து இரவில் கடைக்கு வருபவர். வரிசையில் நிற்க இயலாத முதியவர். நாம் வேண்டாமல் எடுக்கும் ஒரு மூட்டை, அவர்களுக்கு வேண்டியிருந்த மூட்டையாக இருக்கலாம். வீட்டுக்குப் போதுமான அளவு வாங்குவது முன்யோசனை. மற்றவர் பங்கையும் சேர்த்து அள்ளுவது பேராசை. இவ்விரண்டின் வேற்றுமையை மறவாதீர்கள்.

விடை எழுதிப் பாருங்கள்:

1. ஆசைக்கும் கிராக்கிக்கும் என்ன வேற்றுமை?

2. கிடங்கில் அரிசி இருந்தும் கடைத் தட்டு காலியானது ஏன்?

3. உங்கள் வீட்டில் ஒரு மாதத்திற்கு எவ்வளவு அரிசி செலவாகிறது? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.